செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள்: அச்சுக்குக் கொடுக்கு முன் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

முன்பெல்லாம் ஒரு லேபலோ, லீப்லட்டோ, கடைக்கு முன்னால் கட்டும் பெனரோ தேவைப்பட்டால் டிசைனரின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கொண்டு அரைநாள் உட்கார வேண்டும். இன்று அந்த வேலையைக் கையடக்கத் தொலைபேசியிலேயே செய்து விடலாம் என்ற நிலை வந்து விட்டது. சட்ஜீபிடி, ஜெமினி, கென்வா போன்றவற்றில் இரண்டு வரி எழுதினால் ஒரு நிமிடத்துக்குள் கண்ணைப் பறிக்கும் படமொன்று வந்து விடுகிறது. அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்தாலும் சொற்பம்தான். சிறு வியாபாரிகளுக்கு இது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிரச்சினை அச்சகத்தில்தான் ஆரம்பிக்கிறது. திரையில் தகதகவென்று இருந்த படம் தாளில் மங்கிப் போகிறது. எழுத்துக்கள் குலைந்து விடுகின்றன. பொருளுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லாமல் போய் விடுகிறது. அச்சக உரிமையாளர்கள் சிலரிடமும், நீண்ட காலமாக இத்தொழிலில் இருக்கும் டிசைனர் ஒருவரிடமும் இது பற்றி விசாரித்தேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடயத்தைத்தான் சொன்னார்கள். படம் இலவசம், ஆனால் பிளேட், தாள், மை, கூலி எதுவும் இலவசமில்லை. ஐயாயிரம் பெட்டி அடித்து முடிந்த பிறகு பிழையைக் கண்டு பிடித்து, சண்டைக்கு வரும் வாடிக்கையாளரிடம் அவர்கள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "நானா, நீங்க தந்ததைத்தானே நாங்க அடிச்சோம்?"

அரிசி மூட்டை வந்தால் கையில் அள்ளிப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. துணி வந்தால் விரித்துப் பார்க்காமல் பில்லில் கையெழுத்திடுவதில்லை. கணனி தரும் படத்தையும் அப்படி வந்திறங்கிய சரக்காகவே நினைத்துச் சோதித்து எடுக்க வேண்டும். எதைச் சோதிப்பது, பிழை இருந்தால் எப்படித் திருத்துவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்துக்கள்

முதலில் பார்க்க வேண்டியது எழுத்து. படம் வரையும் இந்த மென்பொருட்கள் எழுத்தை எழுத்தாக அறிவதில்லை. அதையும் ஓர் உருவமாக நினைத்தே வரைகின்றன. புதிதாக வந்துள்ளவை ஆங்கிலச் சொற்களை ஓரளவு சரியாக எழுதி விடுகின்றன. தமிழிலும் சிங்களத்திலும் இன்னும் தடுமாறுகின்றன. காரணம் விளங்கக் கூடியதே. 'கொ' என்ற ஓர் எழுத்தை எழுத முன்னால் ஒரு கொம்பு, நடுவில் 'க', பின்னால் ஓர் அரவு என்று மூன்று துண்டுகள் வேண்டும். அதில் ஒன்று இடம் மாறினாலும் சொல் கெட்டு விடும். அரபு எழுத்தோ இதை விட நுணுக்கமானது. பா, தா, ஸா மூன்றும் புள்ளிகளால் மாத்திரமே வேறுபடுபவை. பெருநாள் வாழ்த்து பெனரில் அரபு மாதிரித் தோன்றி, வாசித்தால் ஒன்றுமேயில்லாத கோடுகளை நானே பார்த்திருக்கிறேன். புனித வசனமோ அல்லாஹ்வின் திருநாமமோ வரும் இடத்தில் இப்படி நடந்தால் அது வெறும் அச்சுப் பிழையாக முடிந்து விடாது.

எழுத்துப் பிழையும் அலட்சியமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2024 பெப்ரவரியில் நடந்தது. பிள்ளைகளுக்கான 'வில்லீஸ் சொக்லட் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற நிகழ்ச்சிக்கு செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். 35 பவுண் வரை கொடுத்து டிக்கட் வாங்கினார்கள். வந்து பார்த்தால் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த ஒரு களஞ்சியசாலைதான் இருந்தது. பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், பொலிஸ் வரை விடயம் போயிற்று. நிகழ்ச்சி அன்றே நிறுத்தப்பட்டது. பிறகுதான் பலரும் விளம்பரப் படத்தை உற்றுப் பார்த்தார்கள். அதில் 'பரடைஸ்' என்ற சொல் 'பசடைஸ்' என்று இருந்தது. அகராதியில் இல்லாத சொற்கள் வேறும் இருந்தன. அந்தப் படத்தை வெளியிடு முன் யாராவது நிதானமாக வாசித்திருந்தால், குறைந்தது அந்த வெட்கமாவது மிஞ்சியிருக்காது.

இதற்குத் தீர்வு இலகுவானது. படத்தை வரையச் சொல்லும்போதே "எழுத்து எதுவும் வேண்டாம், எழுத்துக்கு இடம் விட்டு வரை" என்று சொல்லி விட வேண்டும். கடைப்பெயர், விலை, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் டிசைனர் படத்தின் மேல் தனியாக டைப் செய்ய வேண்டும்.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. நாம் தொலைபேசியில் டைப் செய்வது யூனிகோட் எழுத்து. அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பாவிப்பது பாமினி. ஒன்றை எடுத்து மற்றதில் ஒட்டினால் எழுத்து குழம்பி விடும். அல்லது ஒபரேட்டர் கண்ணால் பார்த்துத் திரும்ப டைப் செய்யும் போது பிழை விடுவார். போட்டோஷொப்பில் தென்னாசிய மொழிகளுக்குரிய எழுத்து அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டாலும் கொம்பும் அரவும் பிரிந்து நிற்கும். ஆகவே வாசகத்தை டைப் செய்து அனுப்புவதோடு, அதே வாசகம் சரியாகத் தெரியும் ஒரு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். சிங்கள வாசகத்தை சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு விடவே கூடாது.

படத்தின் அளவு

திரையில் தெளிவாக இருக்கும் படம் பெனரில் ஏன் மங்குகிறது? கணனிப் படம் என்பது பிக்சல் எனும் சிறு புள்ளிகளால் ஆனது. இந்த மென்பொருட்கள் வழக்கமாகத் தரும் படம் 1024க்கு 1024, அல்லது 1536க்கு 1024 புள்ளிகள் அளவானது. கையில் வைத்துப் பார்க்கும் நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 1024ஐ 300ஆல் வகுத்தால் மூன்றரை அங்குலம் கூட வராது. அதாவது அந்தப் படம் ஒரு விசிட்டிங் கார்ட்டின் அகலத்துக்குத்தான் சரி. பத்து அங்குலப் பெட்டி மூடிக்கு 3000 புள்ளிகள் தேவை. ஏ5 அளவு லீப்லட்டின் முழுப் பக்கத்துக்கு 1748க்கு 2480 புள்ளிகள் தேவை.

பெனரைத் தூரத்திலிருந்து பார்ப்பதால் அவ்வளவு தேவையில்லை. ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் இருந்தால் தாராளம். வீதிக்கு மேலே உயரத்தில் கட்டுவதற்கு அதை விடக் குறைந்தாலும் பரவாயில்லை. ஆனால் 1536 புள்ளிப் படத்தைப் பத்தடி, அதாவது 120 அங்குலம் இழுத்தால் அங்குலத்துக்குப் பதின்மூன்று புள்ளிகூட வராது. அது கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

பரிகாரம் மூன்று உள்ளன. முதலாவது, பெனர் முழுவதையும் படத்தால் நிரப்பாமல் மூன்றடி இடத்தை மட்டும் படத்துக்கு ஒதுக்குவது. அப்போது அங்குலத்துக்கு 43 புள்ளி வருகிறது. மீதி இடத்தில் ஒரே நிறத்தைப் பூசி, எழுத்தை டிசைனர் அமைத்தால் அந்த எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. இரண்டாவது, படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளைப் பாவிப்பது. அப்ஸ்கேல் எனப்படும் இந்த வேலைக்கு இலவச மென்பொருட்களும் உண்டு. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மேற்சொன்ன 43 புள்ளி 86 ஆகி விடும். ஆனால் இந்த மென்பொருள் இல்லாத புள்ளிகளைத் தானாகக் கற்பனை செய்தே நிரப்புகிறது. துணி, மரம், இலை போன்றவற்றில் அது தெரியாது. முகத்திலும் எழுத்திலும் விகாரமாகத் தெரியலாம். பெரிதாக்கிய பிறகு முகங்களைத் திரும்பவும் பாருங்கள்.

மூன்றாவது மிகச் சாதாரண விடயம். படத்தை வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அனுப்பும்போதே அது படத்தைச் சுருக்கி விடுகிறது. 'டொகியுமன்ட்' ஆக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். திரையைப் படம் பிடித்து, அதாவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவது அதிலும் மோசம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: பெனரின் உண்மையான அளவில், அதன் ஒரு துண்டை மாத்திரம் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, வாடிக்கையாளர் நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள். ஒரு தாள் செலவில் பெனரின் தலைவிதி தெரிந்து விடும்.

நிறமும் ஓரமும்

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது; சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை அது. அச்சு இயந்திரமோ நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் நிறம் காட்டுகிறது. ஒளியால் காட்டக் கூடிய எல்லா நிறத்தையும் மையால் காட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவுப் படங்களில் அடிக்கடி வரும் பளிச்சென்ற பச்சை, ஊதா, மின்னும் நீலம் ஆகியன தாளில் சோபையிழந்து வருவது இதனால்தான். இது அச்சகத்தின் பிழையல்ல. பைலை நான்கு மை முறைக்கு, அதாவது சீ.எம்.வை.கே.க்கு மாற்றிய பிறகு திரையில் பார்த்து ஒப்புக் கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு தாள் புரூப் அடித்துக் கேளுங்கள்.

நகைக் கடைக்காரர்களும் திருமண அழைப்பிதழ் அடிப்பவர்களும் தங்க நிறத்தில் கவனமாக இருக்க வேண்டும். திரையில் மினுங்கும் தங்கம் நான்கு மையில் கடுகு நிறமாகவோ மண்ணிறமாகவோதான் வரும். உண்மையான மினுக்கம் வேண்டுமானால் அந்த இடத்துக்கு மட்டும் தங்கத் தகடு ஒட்டும் முறையையோ உலோக மையையோ தனியாகக் கேட்க வேண்டும். அதற்குச் செலவும் தனி. சிறிய கறுப்பு எழுத்துக்களைக் கறுப்பு மையால் மாத்திரம் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இம்மி விலகினாலும் எழுத்து நிழலடித்தது போல் இருக்கும்.

அடுத்தது ஓரம். அச்சடித்த தாளை வெட்டும் போது கத்தி சற்று விலகும். அதற்காகப் படம் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த மென்பொருட்கள் முக்கியமான பொருளை ஓரம் வரை கொண்டு போய் வைத்து விடுகின்றன. அதனால் "சுற்றி வெற்றிடம் விடு" என்று கேளுங்கள். போதாவிட்டால் போட்டோஷொப்பில் படத்தின் ஓரத்தை நீட்டித் தரும் வசதி 2023இலிருந்து இருக்கிறது.

லோகோ

லோகோவை மென்பொருளிடம் வரையச் சொல்லி அப்படியே பாவிப்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். பேஸ்புக்கில் போட அது போதும். ஆனால் றப்பர் முத்திரை வெட்டவும், சீருடையில் தைக்கவும், ஸ்டிக்கர் வெட்டவும், கடைப் பலகையில் பொருத்தவும் கோடுகளால் வரைந்த பைல் வேண்டும். அதை வெக்டர் என்பார்கள். புள்ளிப் படத்தை வெக்டராக மாற்ற இலஸ்ட்ரேட்டரிலும் கோரல்ட்ரோவிலும் வசதியுண்டு. இலவசமான இன்க்ஸ்கேப்பிலும் உண்டு. நிழலும் மினுக்கமும் நிறைந்த லோகோவை அப்படி மாற்றினால் ஆயிரம் துண்டாகச் சிதறும். ஆகவே ஒன்று அல்லது இரண்டு நிறத்தில், நிழலில்லாமல், தட்டையான உருவமாகக் கேளுங்கள். அதை மாதிரியாக வைத்து டிசைனரிடம் புதிதாக வரையச் சொல்வதே உத்தமம்.

"பின்னணி இல்லாமல் தா" என்று கேட்டால் சில வேளை மென்பொருள் ஏமாற்றி விடும். பின்னணி இல்லை என்பதைக் காட்டும் சாம்பல், வெள்ளைக் கட்டங்களைச் சதுரங்கப் பலகை போல் படத்துக்குள்ளேயே வரைந்து தந்து விடும். ஷொப்பிங் பேக்கில் அந்தக் கட்டங்களோடேயே அச்சாகி வந்தால் என்னவாகும்? பைலை ஒரு சிவப்புப் பின்னணியின் மேல் வைத்துப் பாருங்கள். கட்டம் தெரிந்தால் பின்னணி நீங்கவில்லை என்று அர்த்தம்.

பொருளும் படமும்

எனது பார்வையில் இதுதான் மிக முக்கியம். மென்பொருள் நமது பொருளைப் பார்த்ததில்லை. உலகில் அதிகமாக உள்ள படங்களைப் பார்த்துத்தான் அது பழகியிருக்கிறது. கறுவாப் பட்டை என்று கேட்டால் தடித்த, ஒற்றைச் சுருளான பட்டையை வரைந்து தருகிறது. அது கெசியா. நமது இலங்கைக் கறுவா மெல்லிய பல அடுக்குகளை உள்ளே திணித்துச் சுருட்டிய குழல். அந்தத் தனித்தன்மைக்காகவே 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. உள்ளே அசல் இலங்கைக் கறுவாவை வைத்து வெளியே கெசியாவின் படத்தை அடித்தால் விபரம் தெரிந்த வெளிநாட்டுக் கொள்வனவாளர் என்ன நினைப்பார்? வட்டிலப்பம் கேட்டுப் பார்த்தேன். கரமல் புடிங் வந்தது. இடியப்பம் கேட்டேன், நூடில்ஸ் வந்தது.

ஆட்களை வரையும்போது விரல்களை எண்ணிப் பாருங்கள். முன்பை விட இப்போது குறைந்திருந்தாலும் அந்தப் பிழை இன்னும் வருகிறது. தராசு, மணிக்கூடு, தையல் இயந்திரம் போன்றவை உருவத்தில் சரியாகத் தோன்றினாலும் உறுப்புக்கள் பொருந்தாமல் இருக்கும். அந்தத் தொழில் தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டினால் உடனே சொல்லி விடுவார்.

இது சட்டத்தோடும் சம்பந்தப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரத்தில் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. பெட்டியின் மேல் முந்திரிப் பருப்பு மலை போலக் குவிந்திருக்க, உள்ளே நாலு துண்டு இருந்தால் "கணனிதான் அப்படி வரைந்தது" என்ற பதில் செல்லாது.

தீர்வு என்னவென்றால், பொருளை வரையச் சொல்லாதீர்கள். உங்கள் பொருளை நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துத் தொலைபேசியிலேயே படம் எடுங்கள். பின்னணி, மேசை, அலங்காரம் ஆகியவற்றை மாத்திரம் மென்பொருளிடம் கேளுங்கள். முடிந்த பிறகு உங்கள் பொருளின் உருவத்தை அது மாற்றி விடவில்லையா என்று அசலோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

இன்னோர் ஆபத்து, கேட்காமலேயே வந்து சேரும் முத்திரைகள். உணவுப் பக்கற் ஒன்றை வரையச் சொன்னால் மூலையில் ஹலால் மாதிரி ஒரு வட்டத்தையோ, தரச் சான்று மாதிரி ஒரு முத்திரையையோ தானாகப் போட்டு விடுகிறது. ஹலால் சான்றிதழ் பெறாத பொருளில் அந்த அடையாளம் இருந்தால் மக்களின் நம்பிக்கையோடு விளையாடியது போலாகும். எஸ்.எல்.எஸ். முத்திரையை இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் அனுமதியில்லாமல் பாவிக்க முடியாது. தேயிலைப் பக்கற்றுக்குரிய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. படத்தின் நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து, இப்படியான எதுவும் இருந்தால் அழித்து விடுங்கள்.

படம் யாருக்குச் சொந்தம்?

பிள்ளைகளின் புத்தகப் பைக்கும் பிஸ்கட் பக்கற்றுக்கும் பிரபலமான கார்ட்டூன் உருவங்களை வரைந்து கொள்வது இப்போது இலகு. வரைந்தது மென்பொருள் என்பதால் உருவம் பொதுச் சொத்தாகி விடாது. டிஸ்னி, யுனிவர்சல் ஆகிய இரண்டு நிறுவனங்களும் தமது கதாபாத்திரங்களைப் பிரதி செய்வதாகக் கூறி மிட்ஜேர்னி என்ற பட மென்பொருள் நிறுவனத்துக்கு எதிராக 2025 ஜூனில் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன.

மறுபக்கமும் உண்டு. நீங்கள் வரைவித்த லோகோவை இன்னொருவர் பிரதி செய்தால் தடுக்க முடியுமா? இயந்திரம் தானாக ஆக்கிய படைப்புக்குப் பதிப்புரிமை இல்லையென்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கியோன் என்பவரைப் படைப்பை உருவாக்கிய மனிதர் என்றே வரையறுக்கிறது. ஆகவே வெறும் கட்டளை எழுதிப் பெற்ற படத்துக்குப் பதிப்புரிமை கோருவது கடினம். ஆனால் வியாபாரக் குறி வேறு விடயம். உங்கள் பெயரையும் குறியையும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்து கொள்ளலாம். பதிவு பத்து வருடங்களுக்குச் செல்லும்; பிறகு புதுப்பிக்கலாம். ஏற்கனவே பதிவான குறியோடு ஒத்துப் போகிறதா என்பதையும் அப்போது தேடிப் பார்க்க முடியும்.

சுருக்கமாக

அச்சுக்குக் கொடுக்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். எழுத்துக்கள் எல்லாம் டைப் செய்தவையா? மூன்று மொழியையும் தெரிந்தவர்கள் வாசித்தார்களா? அச்சாகும் அளவில் ஒரு துண்டைப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோமா? நிறத்தை நான்கு மை முறைக்கு மாற்றிப் பார்த்தோமா? சுற்றிவர 3 மில்லிமீற்றர் உண்டா? பொருள் நமது பொருளா? வேண்டாத முத்திரை ஏதும் ஒட்டிக் கொண்டிருக்கிறதா? தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு தடவை அழைத்துப் பார்த்தோமா? கடைசியாக, புரூப்பில் கையெழுத்திடு முன் ஒரு இரவு கழியட்டும். மறுநாள் காலையில் பார்க்கும் கண்ணுக்கு முதல் நாள் தெரியாத பிழை தெரியும்.

நல்ல டிசைனரைக் கை விட்டு விடாதீர்கள் என்பதும் எனது ஆலோசனை. யோசனையைக் காட்டவும், பின்னணி அமைக்கவும், பத்து மாதிரியைப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்யவும் மென்பொருளைப் பாவியுங்கள். அச்சுக்குப் போகும் பைலை மனிதர் ஒருவர் தயாரிக்கட்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி, வீணாய்ப் போகும் ஐயாயிரம் பெட்டியின் விலையோடு பார்த்தால் மிகச் சிறிய தொகை.

இவ்விடயத்தில் வாசகர்களுக்கு வேறு அனுபவங்கள் இருந்தால் எழுதியனுப்புங்கள். மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படக் கூடியவற்றை இப்பகுதியில் சேர்த்துக் கொள்வோம்.